பிள்ளை பார்த்த சிறுமிகளும் அவர்களைப் படித்த சிறுமிகளும்

பன்னிரண்டு வயதுப் பெண்கள் நான்கு பேர் சேர்ந்து வேலைக்குப் போகும் கதை. பெரியவர்கள் அதைப் பொழுதுபோக்குக் குப்பை என்றார்கள். வாசித்த குழந்தைகளோ நாற்பது ஆண்டுகளாகத் தங்கள் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

அமெரிக்கப் பள்ளிகளில் ஒரு வழக்கம் இருந்தது. ஸ்காலஸ்டிக் பதிப்பகம் அச்சிட்டு அனுப்பும் மெல்லிய புத்தகப் பட்டியலை ஆசிரியர் வகுப்பில் விநியோகிப்பார். பிள்ளைகள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய், பிடித்த புத்தகங்களுக்கு நேரே குறியிட்டு, காசோடு திரும்பக் கொண்டுவந்து கொடுப்பார்கள். சில வாரங்களில் வகுப்புக்கே பெட்டி வந்து இறங்கும். விமர்சகர், நூலகர், பரிசுக் குழு என்று யாரும் இடையில் இல்லை. குழந்தைகள் உண்மையில் எதைப் படிக்க விரும்புகிறார்கள் என்பதை அறிய இதைவிட நேரான வழி அந்தக் காலத்தில் இருந்திருக்காது.

1980களின் நடுவில் ஸ்காலஸ்டிக்கின் பதிப்பாசிரியர் ஜீன் ஃபைவெல் ஒரு விஷயத்தைக் கவனித்தார். ஜின்னி என்ற சிறுமி, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போவதைச் சொல்லும் ஒரு நாவல் அந்தப் பட்டியல் வழியே எதிர்பாராத அளவுக்கு விற்றுக்கொண்டிருந்தது. அதற்குப் பெரிய விளம்பரம் எதுவும் இல்லை. பொருள் ஒன்றுதான் பிள்ளைகளை இழுத்திருக்க வேண்டும். ஃபைவெல் எழுத்தாளர் ஆன் எம். மார்ட்டினை அழைத்து, குழந்தை பார்க்கும் சிறுமிகளின் சங்கம் ஒன்றைப் பற்றி நான்கு புத்தகங்கள் எழுத முடியுமா என்று கேட்டார். 1986 ஆகஸ்டில் முதல் புத்தகம் 'கிறிஸ்டீஸ் கிரேட் ஐடியா' வந்தது. முதல் அச்சு 30,000 பிரதிகள். நான்கோடு முடிந்திருக்க வேண்டிய 'தி பேபி-சிட்டர்ஸ் கிளப்' வரிசை 2000 வரை ஓடியது. முதன்மை வரிசையில் மட்டும் 131 நாவல்கள். துப்பறியும் கதைகள், விடுமுறைச் சிறப்பிதழ்கள் என்று கிளை வரிசைகளையும் கூட்டினால் இருநூறைத் தாண்டும். விற்ற பிரதிகள் 17 கோடிக்கும் மேல்.

ஆக இந்த வரிசையே ஒரு வாசக எதிர்வினையிலிருந்து பிறந்தது. முகம் தெரியாத ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஒரு பட்டியலில் ஒரே இடத்தில் குறியிட்டார்கள். அதைப் பார்த்து ஒருவர் யோசித்தார். பிறகு வந்தது எல்லாம் அந்தப் பிள்ளைகள் கேட்டு வாங்கியது என்றுதான் நான் சொல்வேன்.

அந்தப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையில் அப்படி என்ன கிடைத்தது?

முதல் புத்தகத்தின் தொடக்கக் காட்சியில் பெரிய சம்பவம் எதுவும் இல்லை. கனெக்டிகட் மாநிலத்தில் ஸ்டோனிப்ரூக் என்ற கற்பனைச் சிற்றூர். கிறிஸ்டி தாமஸுக்குப் பன்னிரண்டு வயது. அப்பா குடும்பத்தை விட்டுப் போய்விட்டார், அம்மா வேலைக்குப் போகிறார். மறுநாள் மாலை ஆறு வயதுத் தம்பி டேவிட் மைக்கேலைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். கிறிஸ்டிக்கும் அண்ணன்களுக்கும் வேறு வேலை இருக்கிறது. அம்மா ஒவ்வொரு வீடாகத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டே இருக்கிறார். யாருக்கும் நேரமில்லை. வாங்கிவந்த பீட்சா மேசையில் ஆறிப்போகிறது. ஒரே ஓர் எண்ணுக்கு அழைத்தால் நான்கைந்து பேரில் ஒருவராவது கிடைத்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அப்போது கிறிஸ்டிக்குத் தோன்றுகிறது.

இதுதான் அந்த மகத்தான யோசனை. பக்கத்து வீட்டு மேரி ஆன், ஓவியம் வரையும் கிளாடியா, நியூயார்க்கிலிருந்து புதிதாக வந்த ஸ்டேசி ஆகியோரைச் சேர்த்துக்கொண்டு சங்கம் தொடங்குகிறார்கள். திங்கள், புதன், வெள்ளி மாலை ஐந்தரை முதல் ஆறு மணி வரை கிளாடியாவின் அறையில் கூட்டம். கிளாடியாவின் அறைக்கென்று தனித் தொலைபேசி இணைப்பு இருக்கிறது, அதனால் அவள் துணைத் தலைவர். யோசனை கிறிஸ்டியுடையது, அதனால் அவள் தலைவர். கையெழுத்து அழகான மேரி ஆன் செயலாளர். கணக்கில் கெட்டியான ஸ்டேசி பொருளாளர். யாருக்கு எந்த நாளில் எந்த வீட்டில் வேலை என்று ஒரு பதிவேடு. ஒவ்வொரு வேலை முடிந்ததும் நடந்ததை எழுதிவைக்க ஒரு நோட்டு. அந்த நோட்டை மற்றவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். வாராவாரம் சந்தா.

பெரியவர்களுக்கு இந்த விவரங்கள் சலிப்பூட்டலாம். குழந்தைகளை ஈர்த்தது இவைதான். பதவிகள், நேரம், பணம், பதிவேடு என எல்லாமே பெரியவர்களின் உலகத்துச் சாமான்கள். அவை பன்னிரண்டு வயதுப் பெண்களின் கைக்கு வருகின்றன. அவர்களும் அதைச் சரியாகச் செய்கிறார்கள். சிறுவர் நாவல்களில் குழந்தைகள் புதையல் தேடுவார்கள், பேயைத் துரத்துவார்கள், மந்திரப் பள்ளிக்குப் போவார்கள். இங்கே ஒரு சிறுமி மூன்று வயதுப் பையனுக்குச் சாண்ட்விச் செய்து கொடுத்து, அழுகையை நிறுத்தி, பெற்றோர் திரும்பும்வரை வீட்டைக் காக்கிறாள். அதற்குக் கூலி வாங்குகிறாள். படிக்கும் பெண் தானும் இதைச் செய்யலாமே என்று நினைக்கிறாள். பல ஊர்களில் பல சிறுமிகள் உண்மையிலேயே சங்கம் தொடங்கினார்கள், துண்டறிக்கை எழுதி அக்கம்பக்கத்தில் போட்டார்கள். பெரும்பாலானவற்றுக்கு ஓர் அழைப்புகூட வரவில்லை என்று அவர்களே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் பதவிகளைப் பங்கிட்டுக்கொண்டதையும் நோட்டு வாங்கியதையும் அவர்கள் மறக்கவில்லை.

அமெரிக்காவில் இது கற்பனை வேலையும் இல்லை. மாலையில் பெற்றோர் வெளியே போகும்போது பக்கத்துத் தெருப் பள்ளிச் சிறுமியை மணிக்கு இவ்வளவு என்று கூலி பேசிக் குழந்தைக்குத் துணையாக வைப்பது அங்கே தலைமுறைகளாக நடந்துவருவது. பல பெண்கள் முதன்முதலாகச் சம்பாதித்த பணம் இதில்தான் வந்தது. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் பதினொரு வயதிலிருந்தே இதற்குப் பயிற்சி வகுப்பு நடத்துகிறது. மார்ட்டினும் சிறுமியாக இருந்தபோது இந்த வேலையைச் செய்தவர். பிறகு பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்தார், பதிப்பகத்தில் பதிப்பாசிரியராக இருந்தார். குழந்தைகளோடு ஒரு மாலைப்பொழுதைக் கழிப்பது எவ்வளவு நீளமான வேலை என்பது அவருக்குத் தெரியும். அந்த அறிவு புத்தகத்தில் இருக்கிறது.

வாசகர்களின் நினைவில் நின்ற இடங்களைத் தொகுத்துப் பார்த்தால் ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. அவர்கள் அடிக்கடி சொல்வது வேடிக்கையான காட்சிகளை அல்ல. முதல் புத்தகத்தில் பிங்க்கி, பஃபி என்று இரண்டு குழந்தைகளைப் பார்க்கப் போகும் கிறிஸ்டி, அவை இரண்டு பெரிய செயின்ட் பெர்னார்ட் நாய்கள் என்று கண்டு திகைப்பது நல்ல நகைச்சுவைக் காட்சிதான். ஆனால் பெரியவர்களான பின்னும் அவர்கள் திரும்பத் திரும்பப் பேசுவது ஸ்டேசியின் நோயையும் மிமியின் சாவையும் பற்றி.

ஸ்டேசிக்கு நீரிழிவு. தினமும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ள வேண்டிய வகை. முதல் புத்தகத்தில் அவள் அதை மறைக்கிறாள். இனிப்பைத் தவிர்க்க ஏதேதோ காரணம் சொல்கிறாள், மருத்துவரைப் பார்க்க நியூயார்க் போவதற்கு வேறு பொய் சொல்கிறாள். 1986 இறுதியில் வந்த மூன்றாம் புத்தகம் 'தி ட்ரூத் அபவுட் ஸ்டேசி' அவள் வாயாலேயே முழுக் கதையையும் சொல்கிறது. நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன், தோழி வீட்டில் இரவு தங்கியபோது அவள் படுக்கையை நனைத்துவிட்டாள். அந்தத் தோழி அதன்பின் அவளை ஒதுக்கினாள். பெற்றோரோ பயத்தில் மருத்துவர் மாற்றி மருத்துவராக அவளை இழுத்துக்கொண்டு அலைகிறார்கள். கடைசியில் அதிசயமாகக் குணப்படுத்துவார் என்று யாரோ ஒருவரிடம் போகத் துணிகிறார்கள். அப்போது ஸ்டேசி, தான் பார்த்துக்கொள்ளும் சிறுமியின் தாயான ஒரு மருத்துவரிடம் ரகசியமாக உதவி கேட்டு, நம்பகமான நிபுணர் ஒருவரைப் பார்க்கத் தானே ஏற்பாடு செய்கிறாள். தன் உடம்பைப் பற்றிப் பேச ஒரு பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு உரிமை உண்டு என்று ஒரு மலிவுப் பதிப்புக் கதைப் புத்தகம் சொல்கிறது. இந்த வரிசையின் மிகச் சிறந்த பக்கங்கள் இவை என்பது என் கருத்து.

நீரிழிவு உள்ள குழந்தைகள் இந்தப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டார்கள். வகுப்பில் தனியாக ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளை தன்னைப் போன்ற ஒருத்தியை, அதுவும் எல்லோரும் விரும்பும் நவநாகரிகப் பெண்ணாக, ஒரு கதையில் பார்ப்பது அன்று மிக அரிது. வளர்ந்த பின் அவர்களிலேயே சிலர் குறையும் சொன்னார்கள். இனிப்பு என்றால் விஷம் என்பதுபோல் கதை பேசுகிறது, ஒவ்வொரு முறையும் மயக்கமும் மருத்துவமனையும் என்று பயமுறுத்துகிறது என்றார்கள். இரண்டு எதிர்வினைகளும் நேர்மையானவை. சிறுவயதில் நமக்குத் துணையாக வந்த புத்தகத்தை வளர்ந்தபின் கண்டிப்பதில் நன்றிகேடு ஏதும் இல்லை. 2020இல் நெட்ஃபிளிக்ஸ் இந்தக் கதையைத் தொடராக எடுத்தபோது ஸ்டேசியின் உடையில் இன்சுலின் பம்ப் இருந்தது. நோய் அதே நோய், அதோடு வாழும் முறை மாறியிருக்கிறது.

மிமி, கிளாடியா கிஷியின் பாட்டி. ஜப்பானிலிருந்து வந்து குடியேறியவர். படிப்பில் பின்தங்கிய கிளாடியாவை வீட்டில் முழுதாகப் புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான். ஏழாம் புத்தகத்தில் மிமிக்குப் பக்கவாதம் வருகிறது. பேச்சு குழறுகிறது, சொற்கள் மாறிப் போகின்றன. பேத்தி அவருக்குச் சாப்பிடவும் பேசவும் உதவுகிறாள், சில சமயம் பொறுமை இழக்கிறாள். 1989இல் வந்த இருபத்தாறாம் புத்தகத்தில் மிமி இறந்துபோகிறார்.

வரிசை நூல்களில் முக்கியமான ஒரு பாத்திரம் இறப்பதில்லை. அடுத்த மாதம் அடுத்த புத்தகம் வர வேண்டும், எல்லாம் பழைய இடத்திலேயே இருக்க வேண்டும் என்பதுதான் அந்த வகையின் இலக்கணம். மார்ட்டின் அதை மீறினார். மிமியின் அறை காலியாகிறது. அடுத்த நூறு புத்தகங்களிலும் அவர் திரும்பி வருவதில்லை. கிளாடியாவுக்குத் துக்கத்தோடு கோபமும் வருகிறது, பாட்டியிடம் எரிந்துவிழுந்த நாள்கள் நினைவுக்கு வந்து குற்ற உணர்வு வருகிறது. வீட்டில் ஒரு சாவை இன்னும் பார்த்திராத எத்தனையோ பிள்ளைகளுக்கு அதுதான் முதல் சாவு. இன்று நாற்பதைத் தாண்டிய பெண்கள் அந்தப் புத்தகத்தின் பெயரைச் சொன்னதும் எந்த அறையில், எந்த மூலையில் உட்கார்ந்து அழுதோம் என்று சொல்லிவிடுவார்கள்.

கிளாடியாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1986இல் அமெரிக்கக் கதைகளில் ஆசிய முகம் தெரிந்தால் அது கணக்கில் முதல் மதிப்பெண் வாங்கும் அடக்கமான முகமாக இருக்கும். அல்லது வேறு யாருக்கோ துணைப் பாத்திரமாக இருக்கும். கிளாடியா எழுத்துப்பிழை இல்லாமல் ஒரு வாக்கியம் எழுதமாட்டாள். அவள் நோட்டில் எழுதுவதை அப்படியே பிழைகளோடு அச்சிட்டிருப்பார்கள். தலையணைக்குள்ளும் புத்தகங்களுக்குப் பின்னாலும் மிட்டாயும் சிப்ஸும் ஒளித்துவைப்பாள். துப்பறியும் கதைகளை மறைத்துவைத்துப் படிப்பாள். காதில் தானே செய்த தோடு, காலில் ஜோடி பொருந்தாத ஏதாவது. அக்கா ஜேனின்தான் மேதை. இப்படி ஒருத்தியை ஊரே கெட்டிக்காரி, அழகி என்று கொண்டாடுகிறது.

ஆசிய அமெரிக்கச் சிறுமிகள் மீது இது ஏற்படுத்திய தாக்கத்தைப் பற்றியே இயக்குநர் சூ டிங் ஒரு குறும்படம் எடுத்தார். 'தி கிளாடியா கிஷி கிளப்' என்ற அது 2020இல் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. அதில் பேசுபவர்களில் எழுத்தாளர் சாரா குன், ஓவியக்கதைக் கலைஞர் யூமி சகுகாவா போன்றவர்கள் இருக்கிறார்கள். படிப்பாளி என்ற அச்சில் வார்க்கப்படாமலும் ஒருத்தி இருக்கலாம், கலைஞராகலாம் என்ற அனுமதியைக் கிளாடியாவிடமிருந்து பெற்றோம் என்பதுதான் அவர்கள் பேச்சின் சாரம். ஓர் எழுத்தாளர் பாத்திரத்தை உருவாக்கும்போது நினைத்திருக்கவே முடியாத இடத்துக்கு வாசகர்கள் அதைக் கொண்டுபோயிருக்கிறார்கள். மார்ட்டின் வெள்ளைக்காரப் பெண். அவரால் தர முடிந்தது ஒரு திறப்பு. அதன் வழியே உள்ளே போய் வீடு கட்டியவர்கள் வாசகர்கள்.

அதே வாசகர்கள் புத்தகத்தின் வெற்றிடங்களையும் காட்டினார்கள். மிமியின் இளமைக் காலம் என்ன ஆயிற்று? இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்க அரசு ஜப்பானிய வம்சாவளியினர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரை முகாம்களில் அடைத்ததே, அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் ஏன் பேசவில்லை? 2020ஆம் ஆண்டுத் தொடரில் அதற்கு விடை எழுதினார்கள். பக்கவாதத்துக்குப் பின் மிமியின் நினைவு சிறுவயதுக்குப் போகிறது, கலிஃபோர்னியாவின் மன்சனார் முகாம் பெயர் வருகிறது. மிமியாக நடித்த டகாயோ ஃபிஷர் தானே குழந்தையாக இருந்தபோது அத்தகைய முகாமில் அடைக்கப்பட்டவர். முப்பது ஆண்டுகளாக வாசகர்கள் மனத்தில் இருந்த கேள்வி இப்படித் திரைக்கதையாயிற்று.

ஜெஸ்ஸி ராம்சே விஷயத்தில் புகார் இன்னும் கடுமையானது. பாலே ஆடும் கறுப்பினச் சிறுமி. 1988இல் வந்த பதினான்காம் புத்தகத்தில் அவள் குடும்பம் ஸ்டோனிப்ரூக்குக்கு வருகிறது. அக்கம்பக்கத்தார் முகம் கொடுப்பதில்லை, வரவேற்க ஒருவரும் வருவதில்லை. இதை ஒளிக்காமல் எழுதியது துணிச்சல்தான். ஆனால் அதன்பின் ஜெஸ்ஸி வரும் ஒவ்வொரு புத்தகத்திலும் அவளை அறிமுகப்படுத்தும்போது அவள் நிறம்தான் முதலில் சொல்லப்படும். மற்றவர்களுக்குக் குணம், இவளுக்கு நிறம். கறுப்பின வாசகர்கள் இதைச் சிறுவயதிலேயே உணர்ந்திருக்கிறார்கள். சங்கத்தில் அவளும் சிவப்புத் தலைமுடி மேலரியும் 'இளைய உறுப்பினர்கள்'தான். வயது பதினொன்று என்பதால் இரவு வேலை கிடையாது. கதைக்குள் அதற்கு நியாயம் இருக்கிறது. வெளியிலிருந்து பார்க்கும் குழந்தையின் கண்ணுக்கோ, இருந்த ஒரே கறுப்பினச் சிறுமிக்குக் கிடைத்தது இரண்டாம் வரிசை.

மனத்தில் அதிகம் தங்கிய புகார் முப்பத்திரண்டாம் புத்தகத்தைப் பற்றியது. 1990இல் வந்தது. ஆட்டிசம் உள்ள சூசன் என்ற எட்டு வயதுச் சிறுமியைக் கிறிஸ்டி பார்த்துக்கொள்கிறாள். அவளுக்கு நண்பர்களைத் தேடித் தந்து, வீட்டோடு தங்கவைக்க நினைக்கிறாள். முடியவில்லை. சூசன் தொலைதூர விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்படுகிறாள். இயல்பான குழந்தையாக இல்லாதவளை வெளியே அனுப்புவதுதான் வழியா, சூசன் கடைசிவரை ஒரு புதிராகவே நிற்கிறாளே, அவள் பக்கத்திலிருந்து ஒரு வரிகூட இல்லையே என்று ஆட்டிசம் உள்ள வாசகர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. மார்ட்டின் ஆட்டிசம் உள்ள குழந்தைகளோடு பணியாற்றியவர், கெட்ட எண்ணத்தோடு எழுதியவர் அல்ல. இருந்தும் அந்தப் புத்தகம் சூசனை வெளியிலிருந்தே பார்க்கிறது. அவரே 2014இல் 'ரெயின் ரெயின்' என்ற நாவலை எழுதினார். ஒரேபோல ஒலிக்கும் சொற்களைச் சேகரிக்கும், ஆட்டிசம் உள்ள ரோஸ் என்ற சிறுமி அதில் தன் கதையைத் தானே சொல்கிறாள். இருபத்து நான்கு ஆண்டு இடைவெளியில் அதே எழுத்தாளர் வாசலைத் தாண்டி உள்ளே வந்திருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு ஓர் எழுத்தாளர் எப்படி வளர்கிறார் என்பது கண்கூடாகத் தெரியும்.

பெரியவர்கள் என்ன சொன்னார்கள்? மாதம் ஒன்று என்று வெளிவரும் மெல்லிய நூல்கள், ஒரே அச்சு, ஒரே நடை. பல ஆசிரியர்களும் நூலகர்களும் இவற்றை நல்ல இலக்கியத்தை நெருங்கவிடாத தடையாகப் பார்த்தார்கள். குறை சொல்ல இடமும் இருந்தது. ஒவ்வொரு புத்தகத்தின் இரண்டாம் அத்தியாயமும் சங்கத்தின் வரலாற்றையும் ஒவ்வொருத்தியின் முடி, உடை, குடும்பத்தையும் முதலிலிருந்து சொல்லும். வாசகர்களுக்கே இது பெரிய சிரிப்பு. பழகிய பிள்ளைகள் கிளாடியாவின் உடை வர்ணனையை மட்டும் படித்துவிட்டு மூன்றாம் அத்தியாயத்துக்குத் தாவிவிடுவார்கள். பெண்கள் எட்டாம் வகுப்பில் சிக்கிக்கொண்டு பல கோடைகாலங்களையும் பல கிறிஸ்துமஸ்களையும் கடந்தார்கள். வயது மட்டும் பதின்மூன்றைத் தாண்டவில்லை. முப்பத்தைந்து புத்தகங்களுக்குப் பிறகு வேறு எழுத்தாளர்கள் உதவிக்கு வந்தார்கள். அவர்களில் பீட்டர் லெராங்கிஸ் மட்டும் நாற்பதுக்கும் மேல் எழுதினார். முன்பக்கத்தில் சிறிய எழுத்தில் ஒரு நன்றி வரி இருக்கும். அதன் பொருள் வளர்ந்த பின்தான் பலருக்குப் புரிந்தது. மேரி ஆனின் மனத்தை எழுதியது ஓர் ஆண் என்று அறிந்து சிலர் வருந்தினார்கள், சிலர் அவருக்கு நன்றி சொன்னார்கள்.

பின்பகுதிப் புத்தகங்கள் பல தரத்தில் தாழ்ந்தவை, ஐயமில்லை. ஆனால் ஒரே வரிசையைத் தொடர்ந்து படிக்கும் குழந்தை சோம்பேறி வாசகர் அல்ல. அடுத்த பக்கம் எப்படி இருக்கும் என்று தெரிந்தே படிப்பதில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது, அந்தப் பாதுகாப்பில்தான் வாசிப்பு வேகம் பிடிக்கிறது. புத்தகம் என்றாலே ஒதுங்கிய பிள்ளைகள் வாரத்துக்கு இரண்டு முடித்தார்கள். யார் எந்தப் பெண்ணைப் போல என்று தோழிகளோடு வாதாடினார்கள். 'நான் மேரி ஆன், நீ கிறிஸ்டி' என்ற விளையாட்டு சாதாரணமாகத் தோன்றலாம். ஒரு பாத்திரத்தின் குணத்தை அலசி, தன் குணத்தோடு ஒப்பிட்டு, ஆதாரம் காட்டிப் பேசுவது இலக்கிய விமர்சனத்தின் முதல் பாடம்தான். பாத்திரங்களின் கையெழுத்தைப் பார்த்துப் பழகி, ஸ்டேசியைப் போல ஆங்கில 'ஐ' எழுத்தின் புள்ளிக்குப் பதில் இதயம் வரைந்த சிறுமிகள் எத்தனை பேர்!

இந்த வாசகர்களில் ஒருவர் ரெய்னா டெல்கமையர். சிறுவயதில் இந்த வரிசையைத் தின்று வளர்ந்தவர். ஸ்காலஸ்டிக்கின் சித்திரநாவல் பிரிவான கிராஃபிக்ஸ் 2005இல் தொடங்கியபோது, பிடித்த புத்தகம் எது என்ற பேச்சில் அவர் இந்த வரிசையைச் சொல்ல, அதையே வரையும் வாய்ப்பு கிடைத்தது. 2006 முதல் 2008 வரை நான்கு நூல்களைச் சித்திரநாவலாக்கினார். அதன்பின் தன் சொந்தப் பல் கதையைச் சொல்லும் 'ஸ்மைல்' மூலம் அமெரிக்கக் குழந்தைகளின் மிகப் பிரியமான கலைஞராக உயர்ந்தார். 2015இல் அவருடைய பழைய நான்கும் வண்ணத்தில் மறுபடி வந்தன. 1986இல் பிறந்தே இராத பிள்ளைகள் அவற்றைக் கேட்டு வாங்கினார்கள். பிறகு கேல் கலிகனும் மற்றவர்களும் வரைந்த தொகுதிகள் தொடர்ந்து வருகின்றன. கைபேசி பிறந்த பிறகும் ஓர் அறையில் ஒரு தொலைபேசியைச் சுற்றி நான்கு பேர் காத்திருக்கும் கதை பிள்ளைகளுக்குப் பழசாகவில்லை.

2021இல் 'வீ ஆர் தி பேபி-சிட்டர்ஸ் கிளப்' என்று ஒரு தொகுப்பு நூல் வந்தது. மரிசா கிராஃபர்டும் மேகன் மில்க்ஸும் தொகுத்தது. வளர்ந்துவிட்ட வாசகர்கள் எழுதிய கட்டுரைகளும் வரைந்த சித்திரங்களும் அதில் இருக்கின்றன. நட்பு, இனம், நோய், பாலின அடையாளம், பணம் என்று ஒவ்வொருவரும் தன் கையில் தங்கிய இழையைப் பிடித்து எழுதியிருக்கிறார்கள். கிறிஸ்டியின் வியாபாரப் புத்தியைக் கொண்டாடுபவர்களும் இருக்கிறார்கள், பெண்பிள்ளைகள் என்றாலே குழந்தை பார்ப்பதுதான் வேலையா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. பராமரிப்பு வேலை எப்போதும் பெண்கள் தலையில் விழுகிறது. ஆனால் இந்த நாவல்களில் அது வேலையாக மதிக்கப்படுகிறது. அதற்கு நேரம் குறிக்கப்படுகிறது, கூலி பேசப்படுகிறது, திறமை தேவை என்று ஒப்புக்கொள்ளப்படுகிறது. நான்காம் புத்தகத்தில் தோழிகள் நால்வரும் சண்டையிட்டுப் பேசாமல் இருக்கும்போது, மேரி ஆன் பார்த்துக்கொள்ளும் குழந்தைக்குக் காய்ச்சல் கொதிக்கிறது. அப்பாவை அழைக்கிறாள், அக்கம்பக்கத்தாரை அழைக்கிறாள், யாரும் இல்லை. புதிய தோழி டான் ஓடிவருகிறாள். மேரி ஆன் அவசர எண்ணுக்கு அழைத்து, ஆம்புலன்ஸில் குழந்தையோடு போகிறாள். அதுவரை இரட்டைச் சடை போடச் சொல்லி, எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு விதித்த அப்பா, அன்றைக்குத்தான் மகள் வளர்ந்துவிட்டதைக் காண்கிறார். அன்புக்காக மகள் ஏங்குவதைக் காட்டும் சிறுவர் கதைகள் ஏராளம். பொறுப்பைச் செய்து முடித்து மரியாதையைச் சம்பாதிக்கும் மகளை அவ்வளவாகப் பார்க்க முடியாது.

நெட்ஃபிளிக்ஸ் தொடர் இரண்டு பருவங்களோடு 2022இல் நிறுத்தப்பட்டது. விமர்சகர்கள் மனமாரப் பாராட்டிய தொடர் அது. தாயும் மகளுமாக உட்கார்ந்து பார்த்த குடும்பத்தினர் வருத்தத்தைப் பகிரங்கமாகச் சொன்னார்கள். பார்வையாளர் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் ஒரு கதையின் ஆயுளைத் தீர்மானிப்பது தவறு என்றே நினைக்கிறேன். முதல் நான்கு புத்தகங்கள் விற்றதும் நிறுத்தியிருந்தால் மிமியின் நோயும் சாவும் சொல்லும் கதை கிடைத்திருக்காது.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இந்த வரிசையைத் தர நினைத்தால், 131 நாவல்களையும் தேட வேண்டாம். முதல் நான்கும் ஏழாவதும் இருபத்தாறாவதும் போதும். எட்டு ஒன்பது வயதென்றால் டெல்கமையர் வரைந்த வண்ணத் தொகுதிகளிலிருந்து தொடங்கலாம், ஆங்கிலமும் எளிமையானது. முப்பத்திரண்டாவதைத் தருவதாக இருந்தால் 'ரெயின் ரெயின்' நாவலையும் சேர்த்தே கொடுங்கள். படித்து முடித்த பிள்ளை இரண்டாம் அத்தியாயத்தைத் தாண்டிவிட்டதாகச் சொன்னால் கோபிக்காதீர்கள். யாரைப் பிடித்தது, ஏன் பிடித்தது என்று மட்டும் கேளுங்கள்.